நாத்தனார் குழந்தை

எனக்குப் பதிலாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்கள் மூவருக்கும் இதை எழுதுகிறேன். வேலையை விட்டுப் போகும்போது நம் மையத்தின் தலைவர், "உங்க அனுபவத்த நாலு பக்கம் எழுதிக் குடுத்துட்டுப் போங்கம்மா, புதுசா வர்றவங்களுக்கு உதவும்" என்றார். முப்பத்தொரு வயதில் அனுபவம் எழுத உட்கார்வது எனக்கே சிரிப்பாக இருக்கிறது. எந்த நேர்காணலுக்கு எந்த நிறச் சட்டை, கைகுலுக்கலாமா வணக்கம் சொல்லலாமா, தன்னைப் பற்றிச் சொல்லச் சொன்னால் எத்தனை வாக்கியம் என்றெல்லாம் நான் எழுதுவேன் என்று அவர் எதிர்பார்த்திருப்பார். அதெல்லாம் அலமாரியில் நீல ஃபைலில் இருக்கிறது. எடுத்துக்கொள்ளுங்கள். இதில் அது கிடையாது.

இதைக் கோபத்தில் எழுதுகிறேன். முதலில் எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டு, நிதானமாக எழுதலாம் என்று மறுபடி உட்கார்ந்தேன். இரண்டாவது முறையும் கோபமாகத்தான் வந்தது. சரி, அப்படியே இருக்கட்டும்.

இந்த மையத்தில் நான்கு வருடம் இருந்தேன். பாத்திரக் கடை மாடியில், கீழே பித்தளைக் குடம் விழுந்தால் மேலே வகுப்பே திரும்பிப் பார்க்கும் அந்த அறையில்தான் நின்று பேசினேன். திருத்தணி சுற்று வட்டாரத்தில் பட்டம் படித்துவிட்டு, நேர்காணல் என்ற சொல்லைக் கேட்டாலே பின்வாங்குகிற பிள்ளைகளுக்குத் தைரியம் சொல்வதுதான் நம் வேலை. இப்போதெல்லாம் ஒரே வேலைக்கு நான்கு விதமாகக் கூப்பிடுகிறார்கள். முதலில் தொலைபேசியில் கேட்பார்கள். அடுத்து எட்டுப் பேரை வட்டமாக உட்கார வைத்துப் பேசவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். பிறகு கணினித் திரையில் கேட்பார்கள். கடைசியில் நேரில். நான்குக்கும் தயாரிப்பு வேறு வேறு. ஆனால் பெண்களாக இருந்தால் நான்கிலும் ஏதாவது ஓரிடத்தில் ஒரே கேள்வி வரும். கல்யாணம் ஆகிவிட்டதா, குழந்தை இருக்கிறதா, யார் பார்த்துக்கொள்வார்கள். ஆண்களுக்கு இந்தக் கேள்வி வந்து நான் கேள்விப்பட்டதில்லை.

அதற்கு என்ன பதில் என்று நம் பயிற்சித் தாளில் இருக்கிறது. "இப்போதைக்கு இல்லை என்று புன்னகையுடன் சொல்லவும்." ஏழாவது வரி. என் கையெழுத்து. வேறு யாரோ எழுதியது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது.

போன வருடம் கோகிலா வந்தாள். மணவூரில் பிறந்து, அம்மையார்குப்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். இருபத்தைந்து வயது. பி.காம். கையில் ஏழு மாதப் பெண் குழந்தை. புகுந்த வீட்டில் நான்கு விசைத்தறிகள் ஓடுகின்றன, ஆள் பற்றாக்குறை. அவள் மாமியாரைப் போலவே குரலை மாற்றிப் பேசிக் காட்டினாள்.

"வர்ற தை வரைக்கும் பாருன்னுட்டாங்கக்கா. அதுக்குள்ள வேல கெடச்சா போ. இல்லனா தார்க்குச்சில நூல் சுத்து, அறுந்தா முடி போடு, படிச்சதெல்லாம் போதும்னு."

"உனக்குத் தறி வேலை பிடிக்காதா?"

"புடிக்காதுன்னு இல்ல. எனக்குக் கணக்கு புடிக்கும், அவ்ளோதான். எங்க நைனா வயக்காட்ட குத்தகைக்கு உட்டுட்டுப் படிக்க வெச்சாரு. நான் முடி போட்டுகினு உக்காந்தா அவரு மூஞ்சில எப்டி முழிக்கிறது?"

அவளுக்குத் தேவை அதுதான். தை மாதத்துக்குள் ஒரு வேலை. திருவள்ளூரில் ஒரு பெரிய சரக்குக் கிடங்கு நிறுவனம், பெயர் வேண்டாம், அலுவலகத்துக்குப் பதிவு உதவியாளர் இருவர் கேட்டிருந்தது. நம் மையத்திலிருந்து கோகிலாவும், பள்ளிப்பட்டிலிருந்து வந்துகொண்டிருந்த முரளி என்பவரும் விண்ணப்பித்தார்கள். முரளிக்கும் ஒரு வயதில் பெண் குழந்தை உண்டு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் சுற்று தொலைபேசி. எந்த நேரம் வசதி என்று நிறுவனத்திலிருந்து கேட்டார்கள். மையத்துக்கு வந்துவிடு, உள்ளறையில் அமைதியாக இருக்கும் என்றேன். அந்த வாரம் பார்த்துக்கொள்ள ஆளில்லை, குழந்தையை விட்டு வர முடியாது என்றாள். வீட்டிலோ தறிச் சத்தம். தெரு முழுக்கத் தறிச் சத்தம். அவளே யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். அந்த வாரம் செவ்வாய்க்கிழமை மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பதிலிருந்து மின்சாரம் நிற்கும் என்று அறிவித்திருந்தார்கள். செவ்வாய் பத்தரைக்குக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டாள். ஊரே ஓய்ந்திருக்கும் ஒரே நேரம்! எனக்குப் பெருமையாக இருந்தது. நான்கு வருடத்தில் எனக்குக்கூடத் தோன்றாத யோசனை அது.

அவளுக்கும் தோன்றாத ஒன்று இருந்தது. அந்தக் குழந்தை பிறந்த நாளிலிருந்து தறிச் சத்தத்தில் தூங்கிப் பழகியது. சத்தம் நின்றதும் விழித்துக்கொண்டது. பத்தரைக்குத் தொலைபேசி அடித்தது. பத்து முப்பத்தைந்துக்குக் குழந்தை வீறிட்டது. மின்விசிறியும் இல்லை, தறியும் இல்லை. அந்த அமைதியில் அழுகை எவ்வளவு தெளிவாகக் கேட்டிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

"உங்க குழந்தையா?" என்று கேட்டிருக்கிறார் அந்த நிறுவனத்தின் ஆள்சேர்ப்பு மேடம்.

"இல்ல மேடம். எங்க நாத்தனார் குழந்தை" என்றிருக்கிறாள் கோகிலா.

அடுத்த வாரம் வகுப்பில் அவள் இதைச் சொன்னபோது நான் என்ன செய்தேன் தெரியுமா? எல்லோரையும் கைதட்டச் சொன்னேன். "நெருக்கடி நேரத்துல எப்படிச் சமாளிக்கணும்னு பாருங்க" என்றேன். எல்லோரும் தட்டினார்கள். முரளி சத்தமாகவே தட்டினார். கோகிலா தட்டாமல் உட்கார்ந்திருந்தாள். கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது சுற்று குழு விவாதம், திருவள்ளூரில். எட்டுப் பேர். முதலில் பேசுகிறவருக்கே மதிப்பு என்று நான் சொல்லி அனுப்பியிருந்தேன். கோகிலா முதலில் பேசவில்லை. நான்கு பேர் ஒருவர்மேல் ஒருவர் கத்திக்கொண்டிருக்கும்போது, ஓரத்தில் வாயே திறக்காமல் இருந்த ஒரு பெண்ணைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க, நாங்க கேக்குறோம்" என்றாளாம். பிறகு எல்லோரும் சொன்னதை இரண்டே வாக்கியத்தில் சேர்த்துச் சொன்னாளாம். இருவரும் தேர்வானார்கள். முரளிதான் வந்து சொன்னார். "என்ன ஓரங்கட்டிட்டா மேடம் அவ. கத்திக் கத்தித் தொண்டை கட்டுனதுதான் மிச்சம்" என்று சிரித்தார்.

அன்று அங்கே எடுத்த படத்தை யாரோ எனக்கு அனுப்பியிருந்தார்கள். கோகிலா ஃபைலை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நமக்குத்தான் கண் எப்போதும் குற்றத்துக்குப் போகுமே. மறுநாள் அவளைக் கூப்பிட்டு, "ஃபைலை நெஞ்சோடு பிடித்தால் பயம் என்று எடுத்துக்கொள்வார்கள், மடியில் வை என்று எத்தனை முறை சொல்வது?" என்று கடிந்தேன். "சரிக்கா" என்றாள்.

மூன்றாவது சுற்று கணினியில். அதை நம் மையத்திலேயே வைத்துக்கொண்டோம். அன்று என் மகனை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்தேன், அவன் சாப்பிட்டானா என்று மூன்று முறை கூப்பிட்டுக் கேட்டேன், அவர் மூன்றாவது முறை எடுக்கவே இல்லை. அந்தப் பதற்றத்திலேயே ஒரு வேலை செய்தேன். கணினிக்குப் பின்னால் நின்றுகொண்டு, பெரிய அட்டைகளில் பதில்களை எழுதி, கோகிலாவுக்கு மட்டும் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்தேன். இரண்டாவது கேள்வியிலேயே எதிர்ப்பக்கம் இருந்த மேலாளர், "அறையில வேற யாராவது இருக்காங்களா? கேமராவ ஒரு சுத்துச் சுத்திக் காட்டுங்க" என்றார். எனக்கு ஓட இடமில்லை. மேசைக்கு அடியில் புகுந்தேன். தலை நங்கென்று இடித்தது.

"என்ன சத்தம்?"

"கீழ பாத்திரக் கட சார். குடம் வுழுந்துருக்கும்" என்றாள் கோகிலா, முகம் மாறாமல்.

மீதி இருபது நிமிடமும் நான் மேசைக்கு அடியில்தான். அட்டைகள் என் மடியில். அவள் எல்லாக் கேள்விக்கும் அவளாகவே பதில் சொன்னாள். சரக்கு இருப்புக்கும் பதிவுக்கும் வித்தியாசம் வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டார். நான் எழுதி வைத்திருந்த பதில் "மேலாளரிடம் தெரிவிப்பேன்". அவள், "மொதல்ல நானே ஒரு தடவ எண்ணிப் பாப்பேன் சார். அப்புறமா சொல்வேன்" என்றாள். மேசைக்கு அடியில் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்த எனக்கே தெரிந்தது, இந்தப் பெண்ணுக்கு என் அட்டை தேவையில்லை என்று. அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். நான் மண்டையைத் தடவிக்கொண்டு எழுந்து, "நல்லவேளை தப்பிச்சோம்" என்றேன்.

நான்காவது சுற்று நேரில். சான்றிதழ் சரிபார்ப்பும் அன்றே. முந்தின நாள் அவளுடைய ஃபைலைப் பக்கம் பக்கமாகப் புரட்டிச் சரிபார்த்தது நான்தான். ஆதாரில் பிறந்த வீட்டு முகவரி, மணவூர். அதனால் இப்போதைய முகவரிக்குக் குடும்ப அட்டையை வைத்திருந்தாள். வரிசையில் இருக்கிறதா, தெளிவாக இருக்கிறதா என்று பார்த்தேன். அதில் யார் யார் பெயர் இருக்கிறது என்று பார்க்கவில்லை.

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு அவளிடமிருந்து அழைப்பு. குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"அக்கா, ரேஷன் கார்டு கேக்குறாங்க. அதுல பாப்பா பேரு ஏத்திட்டோம், போன மாசம்தான். மகள்னு போட்டுக்கீது. இன்னா பண்றது?"

"கொண்டுவரலைன்னு சொல்லிடு."

"ஃபைல்ல மேலயே கீதுக்கா. பாத்துட்டாங்க. எடுங்கன்றாங்க."

இரண்டு நிமிடம் இருந்திருக்கும் எனக்கு. அந்த இரண்டு நிமிடத்தில் நான் எடுத்த முடிவை எழுதக் கூசுகிறது. எழுதத்தான் வேண்டும்.

"நாத்தனார் குழந்தைதான், சலுகைக்காக உங்க கார்டுல சேத்திருக்குன்னு சொல்லு."

அந்தப் பக்கம் யாரோ வேறொருவர் பெயரைக் கூப்பிடுவது கேட்டது. பிறகு அவள், "எம் பொண்ண ஒரு வாட்டி இல்லன்னுட்டேன்க்கா. இன்னொரு வாட்டி சொல்ல மாட்டேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

உள்ளே போய் உண்மையைச் சொல்லியிருக்கிறாள். ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டதற்கு, "எங்க சென்டர்ல அப்டித்தான் சொல்லச் சொன்னாங்க" என்றும் சொல்லியிருக்கிறாள். அதுவும் உண்மைதானே. அரை மணி நேரத்தில் ஆள்சேர்ப்பு மேடம் மையத்துக்கே கூப்பிட்டார். தலைவர் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, தொலைபேசியை என் கையில் கொடுத்துவிட்டார்.

"பொய் சொல்லச் சொல்லிக் குடுக்கத்தான் சென்டர் வெச்சிருக்கீங்களா?"

"தப்பு என்னோடது மேடம். அந்தப் பொண்ணு கெட்டிக்காரி. மூணு சுத்துலயும் நீங்களேதான எடுத்தீங்க?"

"திறமைல குறை சொல்லல. குழந்தை இருக்கறதும் எங்களுக்குப் பிரச்சினையே இல்ல. பொய்தான் பிரச்சினை."

அதுவரைக்கும் நான் மன்னிப்புக் கேட்கிற குரலில்தான் பேசிக்கொண்டிருந்தேன். அந்த "பிரச்சினையே இல்ல" என்பதைக் கேட்டதும் எனக்குள் என்னவோ அறுந்தது.

"பிரச்சினையே இல்லன்னா எதுக்கு மேடம் கேட்டீங்க?"

"என்னது?"

"குழந்தை இருக்கா, யாருதுன்னு எதுக்குக் கேட்டீங்க? முரளின்னு ஒருத்தர் இப்ப உங்க ஆபீஸ்லதான் உக்காந்திருக்கார். அவருக்கும் ஒரு வயசுல குழந்தை இருக்கு. அவரக் கேட்டீங்களா?"

"கேக்கவே வேணாம், அவரே சொன்னாரே. பொண்ணு பொறந்த நேரம் எனக்கு எல்லாம் நல்லா நடக்குதுன்னு."

"சொன்னதும் நீங்க என்ன பண்ணீங்க?"

"வாழ்த்துச் சொன்னோம்."

உடனே குரலை மாற்றி, "இதெல்லாம் விவாதம் பண்ண எனக்கு நேரமில்ல" என்று வைத்துவிட்டார்.

முரளிக்கு வேலை கிடைத்தது. கோகிலாவுக்கு இல்லை. நான் அப்படி எதிர்த்துப் பேசாமல் இன்னும் கெஞ்சியிருந்தால் எடுத்திருப்பார்களோ என்று இன்றுவரைக்கும் யோசிக்கிறேன். சோறு பிசையும்போது தோன்றும், மகனுக்குத் தலை சீவும்போது தோன்றும். விடை கிடைப்பதில்லை.

ஆனால் நான் வேலையை விட்டதற்குக் காரணம் அந்த மேடம் இல்லை. அன்று மாலை தலைவர் எங்களை உட்கார வைத்து, இதிலிருந்து நாம் என்ன கற்றுக்கொள்ள வேண்டும் என்று பேசினார். எனக்கு நிம்மதியாக இருந்தது. ஏழாவது வரியை எடுத்துவிடலாம் என்று சொல்லப்போகிறார் என்றே நினைத்தேன். மறுநாள் புதிய தாள் அச்சாகி வந்தது. ஏழாவது வரி அப்படியே இருந்தது. கீழே பதினான்காவதாக ஒரு வரி கூடியிருந்தது. "குழந்தை உள்ள பெண்கள் முகவரிச் சான்றாகக் குடும்ப அட்டை தரக் கூடாது."

"இன்னாம்மா பாக்குற? இனிமே எந்தப் பொண்ணும் மாட்டாது" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். நல்லது செய்வதாக நினைத்தே செய்தார். நானும் நான்கு வருடம் அப்படித்தானே நினைத்தேன்?

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மையார்குப்பம் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான். வாசலிலேயே தறிச் சத்தம் முகத்தில் அடித்தது. கோகிலாவின் மாமியார் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். யார் என்று சொன்னேன்.

"வாங்க டீச்சரம்மா," என்றார், சத்தத்தை மீறி. "எம் பேத்திய இல்லன்னு சொல்லக் கத்துக் குடுத்த புண்ணியவதி நீங்கதானா? நாத்தனாரு குழந்தையாமே! எம் பொண்ணுக்கு இன்னும் கல்யாணமே ஆவல. அந்தப் பழியும் சேத்துப் போட்டுட்டீங்க."

கோகிலா உள்ளே தார் சுற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் எழுந்து வரவில்லை. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ராட்டையை நிறுத்தாமலே பேசினாள்.

"ஃபைல நெஞ்சோட புடிக்காதன்னு திட்டுனீங்களே, ஞாபகம் கீதா?"

"ம்."

"காலைல ஆறு மணிக்குப் பால் குடுத்துட்டுக் கெளம்புனேன். ரெண்டு மணி வரைக்கும் அங்க. ஜாக்கெட்டு நனஞ்சு போச்சு. சால்வ எடுத்துகினு போல. ஃபைலத்தான் மறைச்சு வெச்சுகினு இருந்தேன். நடுவுல ஒருத்தரு, ஃபைல கீழ வைங்கம்மா, ஃப்ரீயாப் பேசுங்கன்றாரு. குழந்தையே இல்லன்னு சொன்னவ அத எப்டிக் கீழ வெப்பா?" ராட்டை நின்றது. "நீங்களும் புள்ள பெத்தவங்கதானக்கா. உங்களுக்குக்கூடத் தெரியல."

நான் பால் கொடுத்துக்கொண்டே இந்த வேலைக்கு வந்தவள். சால்வையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்தவள். படத்தைப் பார்த்தவுடன் தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஃபைல் சரியான இடத்தில் இல்லை என்பதுதான். நீங்கள் மூவரும் எதையாவது நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். திருத்துவதற்கு முன்னால் ஏன் என்று கேளுங்கள். ஒரு நிமிடம்தான் ஆகும்.

நான் கிளம்பும்போது மாமியார் வாசலில் நின்று, எனக்குக் கேட்க வேண்டும் என்றே கோகிலாவிடம் சொன்னார். "தை வரைக்கும்னு சொன்னது சொன்னதுதான். இன்னும் எத்தினி எடத்துக்கு வேணா போ. ஆனா எம் பேத்திய இல்லன்னு சொல்லிட்டு ஒரு வேலைய வாங்கியாராத."

அந்தத் திங்கட்கிழமை நான் விலகல் கடிதம் கொடுத்தேன். வீட்டில் நல்ல பேச்சு வாங்கினேன். "ஒரு வரிக்காக வேலைய விடுவாங்களா?" என்றார் கணவர். தப்பு செய்துவிட்டேனோ என்று இரண்டு வாரம் தூக்கமில்லை. இப்போதும் முழுதாகத் தெளிவு இல்லை.

கோகிலா அதன் பிறகு மையத்துக்கு வரவில்லை. என்னிடமும் யோசனை கேட்கவில்லை. மார்கழியில் திருத்தணியிலேயே ஒரு கண் மருத்துவமனையில் வரவேற்பும் பதிவும் பார்க்க ஆள் தேவை என்று அறிந்து, தானாகவே போயிருக்கிறாள். அன்று கிருத்திகை. ஊருக்கு வெளியிலேயே பேருந்துகளை நிறுத்திவிட்டார்கள். காவடி எடுத்துப் போகிறவர்களோடு சேர்ந்து இரண்டு மைல் நடந்து, கால் முழுக்கப் புழுதியோடு போய் உட்கார்ந்திருக்கிறாள். டாக்டரே நேர்காணல் செய்தார். அங்கேயும் அதே கேள்வி.

அவள் எனக்குத் தொலைபேசியில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"குழந்தை இருக்கான்னாருக்கா. ஆங், கீது சார், பத்து மாசம்னேன். யாரு பாத்துப்பாங்கன்னாரு. எங்க மாமியா, எங்க வூட்டுக்காரரு, நானு, எல்லாருந்தான் பாத்துப்போம் சார், உங்க வூட்ல எப்டியோ அப்டித்தான்னேன். சிரிக்கல மனுஷன். வாய் கொஞ்சம் ஜாஸ்தியாப் போச்சுக்கா. கெடைக்காது."

கிடைத்தது. உண்மை பேசியதால்தான் கிடைத்தது என்று உங்கள் வகுப்பில் போய்க் கதை சொல்லாதீர்கள். அன்று வர வேண்டிய ஏழு பேரில் ஐந்து பேர் கிருத்திகைக் கூட்டத்தைப் பார்த்துவிட்டுப் பாதியிலேயே திரும்பிவிட்டார்கள். இரண்டே பேர்தான் வந்தார்கள், அதில் இவள் நன்றாகக் கணக்குப் போடுகிறவள். அவ்வளவுதான். வேறு நாளாக இருந்தால் அந்த டாக்டர் என்ன செய்திருப்பார் என்று எனக்குத் தெரியாது. உண்மை சொன்னால் வேலை கிடைக்கும் என்று யாருக்கும் நான் உறுதி கொடுக்க மாட்டேன். கிடைக்காமல் போகிற பெண்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் ஏழாவது வரியை ஏன் அழிக்கச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். அதையும் சொல்லிவிடுகிறேன். இந்த மையத்துக்கு நான் நேர்காணலுக்கு வந்தபோது, "குழந்தைய எங்க மாமியார் பாத்துப்பாங்க சார், ஒரு நாளும் பிரச்சினை வராது" என்றேன். வேலை கிடைத்தது. அதற்குப் பிறகு நான்கு வருடம் என் மகனுக்கு ஒரு நாளும் காய்ச்சல் வரவில்லை, மையத்துக்குத் தெரிந்தவரையில். அவனுக்கு உடம்பு சுட்ட நாளெல்லாம் எனக்குத் தலைவலி. அவன் வாந்தி எடுத்த நாளெல்லாம் எனக்கு வயிற்றுப்போக்கு. அம்மை போட்டபோது எனக்கு முதுகுப் பிடிப்பு, ஒன்பது நாள். தலைவர் ஒருமுறை உண்மையான அக்கறையோடு, "நல்ல டாக்டரா பாரும்மா, சின்ன வயசுல உனக்கு எத்தன வியாதி" என்றார். நேர்காணலில் சொல்லும் பொய் அந்த அறையோடு முடிவதில்லை. வேலையில் இருக்கும்வரை தினமும் அதைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். நான் சொல்லிக்கொண்டே இருந்தேன், கூடவே மற்றவர்களுக்கும் கற்றுக்கொடுத்தேன்.

கோகிலா வேலைக்குச் சேர்ந்த ஒன்பதாவது நாள், பிற்பகல் மூன்று மணிக்கு அவளிடமிருந்து அழைப்பு. பின்னால் பேருந்து நிலையத்து இரைச்சல்.

"அக்கா, பாப்பாவுக்கு ஜுரம்னு மாமியா போன் பண்ணாங்க. வூட்டுக்குப் போய்கினு கீறேன்."

ஒன்பதே நாள். குழந்தைக்கு எவ்வளவு ஜுரம் என்றுகூட நான் முதலில் கேட்கவில்லை. "என்ன சொல்லிட்டு வந்த?" என்றுதான் கேட்டேன்.

"இன்னா சொல்லிட்டு வந்தன்னா? எழுந்து நின்னு, எம் பொண்ணுக்கு ஜுரம் சார், நான் போணும்னேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"மூஞ்ச ஒரு மாதிரி வெச்சுகினாரு. அப்புறம் நாளைக்குச் சீக்கிரம் வந்துடும்மான்னாரு." மூச்சு வாங்கியது அவளுக்கு. "பஸ்ஸு வந்துட்ச்சுக்கா, வெச்சிர்றேன்."